விரற்கடை தள்ளி

மேலப்பாளையம் சந்தைக்குப் போகிற தெருவில் ஒரு டார்னிங் கடை இருந்தது. எலி கடித்த வேட்டி, ஆணியில் மாட்டிக் கிழிந்த சட்டை, பூச்சி அரித்த பட்டுச்சேலை என்று எது வந்தாலும் சரி, அந்தத் துணியின் மடிப்பிலிருந்தே நூலை உருவி, கிழிந்த இடத்தில் இழை இழையாகப் பின்னி, ஓட்டை இருந்ததா இல்லையா என்று கொண்டுவந்தவரே குழம்புகிற மாதிரி திருப்பிக் கொடுப்பார்கள். அந்தக் கடையின் மாஸ்டர் மைமூன் என்கிற முப்பத்தெட்டு வயதுப் பெண். தையல் தொழிலில் தலைமை ஆளுக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். அதில் ஆண் என்ன, பெண் என்ன.

மைமூனிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கு வயது அறுபத்து மூன்று. பெயர் மாசிலாமணி.

அவர் ரயிலில் தபால் பிரித்தவர். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, ஓடுகிற ரயிலின் தபால் கோச்சுக்குள் நின்றுகொண்டே முப்பத்து நாலு வருஷம் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். எதிரே அலமாரியில் சின்னச் சின்ன மர அறைகள் இருக்கும். ஓர் ஊருக்கு ஓர் அறை. அறை நிறைந்துவிட்டால் உள்ளே இருப்பதைக் கட்டாகக் கட்டிப் பைக்குள் போட்டு இறக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த கடிதத்துக்கு இடம் கிடைக்கும். உலகத்தில் எல்லாமே இந்த விதிப்படிதான் நடக்கிறது என்பது மாசிலாமணியின் முடிவு. அதை மாற்ற யாராலும் முடிந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் மனைவி செண்பகம் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் கிடையாது. அவருடைய அண்ணன் வேறு, கடைசி மூன்று வருஷமும் கூடப்பிறந்த தம்பியை "சார்" என்று கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார். மாசிலாமணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் ஓடினார்.

"தெரிஞ்ச வேலையவே செஞ்சுக்கிட்டு இருந்தா மூளை சொகமாத் தூங்கிரும். தெரியாத வேலையாப் பாத்துக் கத்துக்கிடுங்க. கையும் கண்ணும் சேந்து முழிக்கணும்" என்றார் டாக்டர்.

கீபோர்டு வகுப்புக்குப் போனார், விரல் ஒத்துழைக்கவில்லை. இந்தி வகுப்புக்குப் போனார், வாத்தியார் ஒத்துழைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் கிழிந்த சட்டை ஒன்றை மைமூனிடம் கொடுத்தார். திரும்ப வாங்கியபோது அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்த வயசுலயா?" என்று கேட்காத ஒரே ஆள் மைமூன்தான். "கண்ணாடி பவர் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து மாதம் ஒழுங்காகப் போயிற்று. துணியை மர வளையத்தில் இழுத்துக் கட்டப் படித்தார். பாவு நூலை நீளவாக்கில் ஓட்டப் படித்தார். ஊடு நூலை அதன் குறுக்கே ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோக்கப் படித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை சாய்வுப் பின்னலும் ஆயிற்று. பேண்ட் துணிக்கு அதுதான் வேண்டும். கொஞ்சம் கஷ்டமான பின்னல். மனிதர் அன்றைக்குச் சந்தோஷத்தில் இரண்டு டீ குடித்தார்.

மறுநாள் புதன்கிழமை கடை திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றார். மர வளையம், ஊசி டப்பா, கத்தரி எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மாஸ்டர், நான் நிறுத்திக்கிடுதேன்."

"எதை?"

"படிக்கிறதை."

"ஏன் அண்ணாச்சி, விரல்ல குத்திருச்சா?"

"குத்தல. உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும்."

"உள்ள வந்து உக்காந்து கேளுங்க."

மாசிலாமணி உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"புதுசா ஒண்ணு உள்ள போனா, பழசு ஒண்ணு வெளிய போயிருமா?"

மைமூன் அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன போச்சு?"

அவர் சொன்னார். இதுவரை யாரிடமும் சொல்லாதது அது. தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு அவர் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைப்பார். மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும். கடைசியாக, செண்பகம் வாசலில் நின்று சொல்லும் வார்த்தையைச் சொல்ல வேண்டும். அவர் டியூட்டிக்குக் கிளம்பும்போது தூக்குவாளியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் ஒன்று சொல்வாள். முப்பத்திரண்டு வருஷமும் அதே வார்த்தைதான். நாலோ ஐந்தோ சொல் இருக்கும். பாதி கேலி, பாதி கவலை. எத்தனை தடவை கேட்டாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"சிரிச்சது ஞாபகம் இருக்கு மாஸ்டர். எதுக்குச் சிரிச்சேன்னு இல்ல. இன்னைக்குக் காலைல தேடுதேன், இடம் காலியாக் கிடக்கு. அவ என்ன சொன்னான்னு கேட்டுக்கிட வேற ஆளும் கிடையாது. என்கிட்ட இருந்தாத்தான் உண்டு."

"நேத்து இருந்துச்சா?"

"நேத்துக் காலைல இருந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க சாய்வுப் பின்னல் சொல்லிக் கொடுத்தீங்க. இன்னைக்குக் காலைல அவ சொன்னது இல்ல. பின்னல் வந்து உக்காந்ததும் அவ பேச்சு எந்திரிச்சுப் போயிருச்சு."

அவர் பொட்டலத்தை மைமூன் பக்கம் நீட்டினார்.

"எனக்குச் சாய்வுப் பின்னல் வேண்டாம் மாஸ்டர். நீங்களே திருப்பி எடுத்துக்கிடுங்க. எனக்கு அவ சொன்னது போதும்."

அறுபத்து மூன்று வயது மனிதர், கடையில் பிடிக்காத சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். சிரிக்கிறவர்கள் சிரித்திருக்கலாம். மைமூன் சிரிக்கவில்லை.

அவள் ஒரு கட்டம் போட்ட துணியை எடுத்தாள். கத்தரியால் நடுவில் ஓர் ஓட்டை போட்டாள். துணியின் மடிப்பைப் பிரித்து நூல் உருவி ஊசியில் கோத்தாள். அப்புறம் ஓட்டையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஊசியை இறக்கினாள்.

"நான் ஏன் அங்க போய்க் குத்துதேன்?"

"ஓட்டைக்குப் பக்கத்துல துணிக்குப் பலம் கிடையாது. அங்க குத்தி இழுத்தா ஓரம் பிரிஞ்சு ஓட்டை பெருசாயிரும். தள்ளி, நல்ல துணியில ஆரம்பிக்கணும். இது மொத மாசமே சொல்லிக் கொடுத்ததுலா?"

"சொல்லிக் கொடுத்தேன். தினமும் காலைல எந்திரிச்சு நீங்க எங்க குத்துதீங்க?"

மாசிலாமணி தன் விரல்களைப் பார்த்தார். எங்கேயும் குத்தின அடையாளம் இல்லை. மாஸ்டர் என்னத்தைக் கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

"நான் காலைல ஊசியைத் தொடுததே இல்லையே."

"சரி, விடுங்க" என்றாள் மைமூன். ஓட்டையை அடைத்து முடித்துத் துணியை அவர் கையில் கொடுத்தாள். "இப்ப நான் கேக்குதேன். இம்புட்டு நூல் உள்ள போச்சு. வெளிய என்ன போச்சு?"

மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு துணியை வெளிச்சத்தில் பிடித்தார். நாலு பக்கமும் பார்த்தார். ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. திருப்திப்பட்டிருக்க வேண்டியவர், மடிப்பைப் பார்த்துவிட்டார்.

"இங்க போயிருக்கு. மடிப்புல இருந்துலா உருவுனீங்க? இங்க நூல் கம்மியாயிருச்சு. அப்ப நான் சொன்னதுதான் சரி."

"ஆமா" என்றாள் மைமூன். "கம்மியாத்தான் ஆகியிருக்கு."

இப்படி ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை அண்ணாச்சி, பயப்படாதீங்க என்று சொல்லுவாள் என்றுதான் வந்திருந்தார். ஜெயித்துவிட்டோமா தோற்றுவிட்டோமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செய்தித்தாள் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஒன்பது நாள் மாசிலாமணி வீட்டில் நடத்திய கூத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதிதாக எதுவுமே தலைக்குள் போகக் கூடாது என்று முடிவு செய்தார். அறையில் இடம் காலியாக இருந்தால் போனது திரும்பி வரும் என்பது நம்பிக்கை. காலைப் பேப்பரைப் பிரிக்காமல் அப்படியே அடுக்கினார். டி.வி.யில் செய்தி வருகிற நேரத்தில் வாசலுக்குப் போய் நின்றார். அங்கே பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று என்று ஆரம்பித்தாள். "பேரைச் சொல்லிராதீங்க!" என்று அலறிக்கொண்டு மாசிலாமணி உள்ளே ஓடினார். அந்த அம்மாள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

காலைப் பரீட்சை மட்டும் தவறாமல் நடந்தது. ஒருநாளைக்கு ஒன்று என்பது போய், காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்றாயிற்று. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, வாசலில் செண்பகத்தை நிறுத்தி, சொல்லு, சொல்லு என்று கேட்டார். அவள் தூக்குவாளியைக் கொடுத்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கேட்கக் கேட்க அவள் முகமே கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிற மாதிரி இருந்தது. தலைவலி வந்ததுதான் மிச்சம்.

ஆறாம் நாள் ஒரு ஸ்டேஷன் காணாமல் போயிற்று. மணியாச்சி வந்தது, கங்கைகொண்டான் வந்தது. நடுவில் ஒன்று இருக்க வேண்டும், அது இல்லை. முப்பத்து நாலு வருஷம் அந்த ஊர் அறைக்குள் கடிதம் போட்ட கை அது. எட்டாம் நாள் கூட வேலை பார்த்த ஒருவரின் பெயர் போயிற்று. மீசை நினைவிருந்தது, மோதிரம் நினைவிருந்தது, பெயர் இல்லை.

கற்றுக்கொண்டபோது ஒன்று போயிற்று, சரி. கற்றுக்கொள்ளாமல் இருக்கும்போது இரண்டு போகிறதே, இது என்ன நியாயம்? அண்ணனும் இப்படித்தான் ஒவ்வொன்றாக இறக்கிவைத்துவிட்டுக் கடைசியில் தம்பியையும் இறக்கிவைத்தாரோ? அன்றைக்கு மாசிலாமணி சாப்பிடவில்லை. பயமாக இருந்தது. யாரிடமாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. கோபப்படுவதற்கு மைமூனை விட்டால் வேறு ஆள் இல்லை.

பத்தாம் நாள் கடைக்குப் போனார். மேஜைமேல் அவர் வைத்த பொட்டலம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஒம்பது நாளா புதுசா ஒண்ணையும் உள்ள விடல மாஸ்டர். பேப்பர்கூடப் படிக்கல. அப்படியும் போகுது."

"சும்மா இருந்தாலும் போகுதா?"

"போகுது."

"கத்துக்கிட்டாலும் போகுது."

"ஆமா."

"அப்ப இந்தச் சாரத்தைப் பிடிங்க. மத்தியானம் ஆள் வந்துருவாரு."

ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கியை அவர் மடியில் போட்டாள். முட்டிக்கு மேலே பீடி நெருப்பு பட்டு, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. மாசிலாமணி சண்டை போட வந்தவர். சண்டையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் கை பொட்டலத்தைப் பிரித்துவிட்டது.

"என் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"பச்சை நூல் முன்னால. வெள்ளை அப்புறம்."

"அது பதில் இல்ல மாஸ்டர்."

"கட்டம் தப்புச்சுன்னா ஆளு சத்தம் போடுவாரு. எண்ணிக் கோத்துக்கிட்டு வாங்க."

சாரத்தை வளையத்தில் இழுத்துக் கட்டினார். மடிப்பிலிருந்து நூலை உருவி நாக்கில் ஈரம் தொட்டு முறுக்கினார். ஓட்டையை விட்டுத் தள்ளி ஊசியை இறக்கிப் பாவு நூலை ஓட்டினார். பச்சை ஆறு, வெள்ளை இரண்டு, மறுபடி பச்சை ஆறு. எண்ணிக்கை தவறினால் கட்டம் கோணிவிடும். அதனால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. செண்பகத்தைக்கூட நினைக்க முடியவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒன்பது நாளாக வலித்துக்கொண்டிருந்த தலை இப்போது வலிக்கவில்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஊசி எங்கே வெளியே வருகிறது என்று பார்க்க, துணிக்கு அடியில் இடது கை நடுவிரலை வைத்துத் தாங்கினார். அப்படித் தாங்குகிற முறையை மைமூன்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஊசி முனை விரல் நுனியில் சுருக்கென்று பட்டது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"இம்புட்டுப் பெரிய ஆளு, ஒரு முள்ளுக்கா கண்ணை மூடுதீய?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் செண்பகத்தின் குரல் போய்விடும் என்று பயந்தார்.

கல்யாணமாகிப் பதினோராவது நாள். மாமனார் ஊரில் வயல் பக்கம் வெறுங்காலோடு நடந்து, குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது. அதுவரைக்கும் செண்பகம் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான். அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்த கிணற்றடிக்கு முகம் சிவக்க வந்து எதிரே உட்கார்ந்தாள். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். முள் இருந்த இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி விரலை வைத்து அழுத்தி, ஊக்கு முனையால் மெல்லக் கிளறினாள். அவர் பல்லைக் கடித்துக் கண்ணை மூடினார். அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சொல்லிவிட்டு ஊக்குப் பிடித்த கையாலேயே வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சத்தத்தோடு சிரித்தாள். அந்தச் சத்தம் அப்படியே கேட்டது. அவள் முகத்து மஞ்சள் தெரிந்தது, கிணற்றடி ஈரம் தெரிந்தது, காலைப் பிடித்திருந்த கையின் சூடு தெரிந்தது.

மாசிலாமணி அழுதார். வெட்கப்படாமல், தோள் குலுங்க அழுதார்.

"சாரம் நனையுது" என்றாள் மைமூன். எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் குடித்தார். மூச்சு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். முள்ளைச் சொன்னார், ஊக்கைச் சொன்னார், அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னார். மைமூன் கையில் இருந்த பட்டுச்சேலையை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு மாஸ்டர். ஒருநாள்கூட நான் இதை நினைச்சதில்ல. என் பரீட்சையில இது கிடையவே கிடையாது. எந்த அறையில கிடந்துச்சு இது? எனக்கு அப்படி ஒரு அறை இருக்கதே தெரியாதே."

மைமூன் காலிச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஆனா நான் தேடுனது இது இல்ல. வாசல்ல சொல்லுவாளே, அது. அது இன்னும் வரல."

"வரலையா?"

"வரல. இப்பவும் அந்த இடம் காலியாத்தான் இருக்கு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சந்தோஷப்படுததா வருத்தப்படுததான்னே தெரியல. ஒண்ணைக் கேட்டேன், வேற ஒண்ணு வந்து நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியல மாஸ்டர்."

மைமூன் அவர் கையிலிருந்த ஊசியை வாங்கினாள். பச்சை நூலைக் கோத்து, முடிச்சுப் போடாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஓட்டையை விட்டுத் தள்ளி வந்தா என்ன? வந்தது அவங்கதான அண்ணாச்சி?"